ரெமிஜியஸ் சார் கேட்க மறந்த கேள்வி

ரெமிஜியஸ் சாரிடம் வந்து ஃபில்டர் வேண்டும் என்று கேட்டவர் எவரும் அதே நாளில் வாங்கிக்கொண்டு போனதாக எங்கள் ஆபீஸ் சரித்திரத்தில் இல்லை. முதலில் உட்காரச் சொல்வார். டீ வரவழைப்பார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுப்பார். அதில் முப்பத்தொரு கேள்விகள். உங்கள் தொழிற்சாலையில் பறப்பது என்ன தூசி, எவ்வளவு நைசு, ஒட்டுமா உதிருமா, தீப்பிடிக்குமா, மெஷின் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போவார். முப்பத்தொன்றை எட்டுவதற்குள் வந்தவர் இரண்டாவது டீயும் குடித்துவிட்டு வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இத்தனை கேட்க மாட்டார்கள். அந்தப் படிவத்தை டைப் அடித்தவள் நான்தான் என்பதால் எனக்கு முப்பத்தொன்றும் மனப்பாடம்.

என் பெயர் வேதநாயகி. ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மாடியில் இருந்த அந்த ஆபீசில் டைப்பிஸ்ட், டெலிபோன் எடுப்பவள், கோப்பு அடுக்குபவள், சண்டை தீர்ப்பவள் எல்லாம் நானே. ஸ்ரீராம்புரத்திலிருந்து பஸ் பிடித்து நான் ஒன்பது மணிக்கு வந்தால், ஜோகுபாளையத்திலிருந்து பொடிநடையாக ரெமிஜியஸ் சார் எட்டே முக்காலுக்கே வந்து உட்கார்ந்திருப்பார். பதினொரு வருஷம் எதிரெதிர் மேஜை. அந்த மனிதரை நான் கிண்டல் செய்யாத நாள் ஏதாவது இருந்தால் அன்று நான் லீவில் இருந்திருப்பேன்.

எங்கள் வியாபாரம் இதுதான். தூசி பறக்கிற தொழிற்சாலைகளில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி இருக்கும். ஃபேன் இழுக்கிற தூசிக் காற்று அதற்குள் போகும். உள்ளே, மடிப்பு மடிப்பாக மடித்த காகிதத்தையோ துணியையோ சுற்றிய உருளைகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்குத்தான் ஃபில்டர் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். தூசி மடிப்புகளின் வெளியே தங்கிவிடும், சுத்தமான காற்று உருளைக்குள் புகுந்து வெளியேறும். அவ்வப்போது உள்ளிருந்து காற்றை டப்பென்று அடித்தால் ஒட்டிய தூசி உதிர்ந்து கீழே விழும். உதிராவிட்டால் மடிப்பு அடைத்துக்கொள்ளும். பெட்டியின் முகப்பில் ஒரு முள் மீட்டர் உண்டு. முள் ஏறினால் ஃபில்டருக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். இவ்வளவுதான் விஷயம். ரெமிஜியஸ் சார் விளக்கினால் அரை நாள் ஆகும்.

எந்தத் தூசிக்கு எந்த ஃபில்டர் என்று தேர்ந்து சொல்வது அவருடைய வேலை. அதற்காக அவர் போகிற இடமெல்லாம் தூசி சேகரிப்பார். போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் தூக்கிப் போடும் ஃபிலிம் ரோல் டப்பாக்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு தொழிற்சாலையின் தூசி, மேலே ஊர், தேதி. அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார், ஊதுவார், முகர்வார், சில சமயம் நாக்கு நுனியிலும் வைப்பார். ஒரு தடவை என்னவோ ரசாயனத் தூளை நாக்கில் வைத்துவிட்டு இரண்டு நாள் பேச முடியாமல் இருந்தார். அந்த இரண்டு நாளும் ஆபீஸ் எத்தனை அமைதியாக இருந்தது என்பதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே, அந்தத் தூளுக்குப் பாலியஸ்டர்தான் சரி என்றார்.

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி பிரிஜெட் அக்கா ஒரு டீ வடிகட்டி வாங்கி வரச் சொல்லி, கண்ணி அளவு சரியில்லை, கைப்பிடி சேரும் இடத்தில் துரு பிடிக்கும் என்று மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். அதுவரை அந்த வீட்டில் டீயைப் பழைய வேட்டித் துணியில்தான் வடிகட்டினார்கள். பெண் பார்க்கப் போன அன்றும் பிரிஜெட் அக்காவிடம் வரிசையாகப் பதினொரு கேள்வி கேட்டாராம். பன்னிரண்டாவதுக்கு வாயைத் திறந்தபோது, காபி ஆறுகிறது குடிக்கிறீர்களா இல்லையா என்று அக்கா கேட்டிருக்கிறார். வாழ்க்கையில் அவர் உடனே பதில் சொன்ன ஒரே கேள்வி அதுதான் என்று அக்கா இன்றும் சொல்கிறார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஹெப்பகோடியில் ஒரு வினை காத்திருந்தது.

அங்கே ஒரு ஊதுபத்தி மாவுத் தொழிற்சாலை. கரித்தூளையும், ஜிகட் என்கிற பசைப் பட்டைத் தூளையும் அரைத்துக் கலந்து, ஊதுபத்தி உருட்டுகிறவர்களுக்கு மூட்டை மூட்டையாக அனுப்புகிற இடம். ஜிகட் காய்ந்திருக்கிறவரை சாது. தண்ணீர் பட்டதோ, கோந்து. குச்சியில் மாவு ஒட்டி நிற்பதே அதனால்தான். 1997 ஆரம்பத்தில் அந்தத் தொழிற்சாலை எங்களிடம் எட்டு கார்ட்ரிட்ஜ் கேட்டது. ரெமிஜியஸ் சார் நான்கு தடவை போய் வந்தார். ஒவ்வொரு தடவையும் முகமும் சட்டையும் கரியாகி, மேலெல்லாம் மணக்க மணக்கத் திரும்பினார். மேனேஜர் நாகேஷை உட்கார வைத்து முப்பத்தொரு கேள்வியும் கேட்டு, எழுதி, கையெழுத்து வாங்கி, தேர்ந்து கொடுத்தார். ஒரு வருஷம் உழைக்கும் என்று எழுத்தில் உறுதியும் கொடுத்தார்.

ஒன்பது மாதம் முள் அசையவில்லை. அக்டோபர் நடுவில் நாகேஷ் போனில் கத்தினார். முள் உச்சியில் நிற்கிறது, ஷெட் முழுக்கக் கரி பறக்கிறது, பெண்கள் முந்தானையை முகத்தில் கட்டிக்கொண்டு இருமுகிறார்கள். ரெமிஜியஸ் சார் போய்ப் பார்த்தார். மடிப்புகளுக்குள் ஜிகட் கல்லாக இறுகியிருந்தது. மடிப்புகள் நெருக்கமாக இருந்ததால்தான் தூசி உதிரவில்லை என்று முடிவுகட்டி, மடிப்பு அகலமான வேறு எட்டு கொடுத்தார்.

அடுத்த வருஷமும் அக்டோபர் முதல் வாரத்தில் அதே போன், அதே கத்தல். இந்தத் தடவை சார் வானத்தைக் குற்றம் சாட்டினார். மழைக்கால ஈரம் காற்றில் ஏறி ஜிகட்டை இளக்குகிறது என்று பத்துப் பக்கம் எழுதினார், அத்தனையும் அடித்து என் விரல் வீங்கியது. தண்ணீர் எதுவும் பட்டதா என்று நாகேஷிடம் கேட்டதற்கு, ஒரு சொட்டுக்கூடப் படவில்லை, வேண்டுமானால் மெஷின் வேலை எழுதுகிற ரெஜிஸ்டரைப் பாருங்கள் என்று அவர் சத்தியம் செய்தார். ரெஜிஸ்டரிலும் ஒன்றும் இல்லை. அந்த மெஷினில் யாராவது கை வைத்தது தெரிந்தால் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிடுவேன் என்றும் சொன்னார். எனவே ஈரம் ஒட்டாத, வழவழப்பான துணியில் மூன்றாவது செட் போனது.

இதற்குள் எங்கள் முதலாளி நாராயணசாமி ஐயா முட்டி வலியோடு வீட்டில் உட்கார்ந்துவிட, மகன் நரேஷ் ஆபீசுக்கு வந்திருந்தான். கெட்டவன் இல்லை, அவசரக்காரன். சின்ன வயதில் ரெமிஜியஸ் சாரின் தூசி டப்பாக்களை வைத்து விளையாடியவன். 1999 செப்டம்பரில் ஒரு நாள் சாரைக் கூப்பிட்டு, ஹெப்பகோடியில் மூன்றாவது தடவையும் ஃபில்டர் அடைத்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, சார் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்றான். அங்கிள் என்று கூப்பிட்டே அதைச் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ரெமிஜியஸ் சாருக்கு அப்போது ஐம்பத்துநாலு வயது. மகள் ஜோவிதா நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வயதில், ஒரு ஃபில்டருக்கு இரண்டு டீ செலவழிக்கிற ஆளை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

சார் பதறவில்லை. இரண்டு வருஷமும் அக்டோபரில்தான் அடைத்தது, அதனால் இந்த அக்டோபர் முழுவதும் அங்கேயே போய் நிற்பேன் என்றார். தினமும் காலையில் ஹெப்பகோடிக்கு பஸ் ஏறினார். கையில் ஈரப்பதம் அளக்கும் கருவி, நோட்டுப் புத்தகம், குடை. மழைக்குக் காவல் போகிறீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார், வெகு சீரியஸாக.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆபீசிலும் டைப்ரைட்டருக்குச் சந்தனம், பீரோவுக்குக் குங்குமம், எல்லாருக்கும் பொரி கடலை என்று நான் மும்முரமாக இருந்தேன். ரெமிஜியஸ் சாரோ, மெஷின் நிற்கிற நாளில் பெட்டிக்குள் ஈரம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, பண்டிகை வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பதால் ஒரு கிலோ மைசூர்பாக்கும் வாங்கிக்கொண்டு ஹெப்பகோடிக்குப் போய்விட்டார். அங்கே நடந்ததை இரண்டு நாள் கழித்து அவரே என்னிடம் சொன்னார்.

கேட்டைத் தாண்டியதும் முற்றத்தில் வெயிலில் நான்கு கார்ட்ரிட்ஜ்கள், சொட்டச் சொட்ட நனைந்து, வரிசையாக நின்றன. பக்கத்தில் சந்திரம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ரப்பர் குழாயால் ஐந்தாவதைக் கழுவிக்கொண்டிருந்தார். சந்திரம்மா அங்கே கூட்டிப் பெருக்கி மூட்டை கட்டுகிறவர், கான்ட்ராக்ட் ஆள். சாரைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“வாங்க சார், நல்ல டைம்ல வந்தீங்க. மத்த மிஷினெல்லாம் பொண்ணுங்க கழுவறாங்க. உங்க ஃபில்டர மட்டும் நான் யாரு கையிலயும் குடுக்கறதில்ல. நீங்க எவ்ளோ கஷ்டப்பட்டு மாட்டிட்டுப் போறீங்க, பூஜ அன்னிக்கு அது கறுப்பா இருந்தா பேஜாரா இருக்குது. மூணு வருஷமா நானேதான் கழுவறேன். ஸ்டிக்கர்ல மட்டும் தண்ணி படாம பாத்துக்கறேன், அதுல உங்க கம்பெனி பேரு இருக்குதில்ல.”

அந்த ஸ்டிக்கரை ஒட்டியவர் ரெமிஜியஸ் சார்தான். எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீர் படக்கூடாது என்று அதில் சிவப்பு எழுத்தில், நல்ல ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. சந்திரம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

ஆயுத பூஜை அவர்கள் கணக்கில் விடுமுறை. விடுமுறையில் செய்வது பூஜை, மெஷின் வேலை இல்லை. அதனால் அது ரெஜிஸ்டரில் ஏறவில்லை. பத்தரை மணிக்கு மேனேஜர் நாகேஷ் வேட்டி கட்டிக்கொண்டு வருவதற்குள் கழுவியதெல்லாம் பெட்டிக்குள் போய்விடும். அவர் மாலை போட்டுத் தேங்காய் உடைத்துவிட்டுப் போவார். அவர் செய்த சத்தியத்திலும் பொய் இல்லை. காரணம் மழையும் இல்லை, மடிப்பும் இல்லை. மூன்று வருஷமாக ரெமிஜியஸ் சாரின் பிழைப்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது சந்திரம்மாவின் மரியாதை.

அப்புறம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.  கவிழ்த்துப் போட்ட ஒரு டிரம்மில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாராம். பிறகு எழுந்து, நனைந்த கார்ட்ரிட்ஜ்களை வெயில் படும் பக்கமாகத் திருப்பித் திருப்பி வைத்தாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மிச்சம் மூன்று காய்ந்துதானே இருந்தது, அதையாவது காப்பாற்றியிருக்கலாமே என்று கத்தினேன்.

“மூணு ஃபில்டர வெச்சு எட்டு ஃபில்டர் வேலை வாங்க முடியாதும்மா” என்றார். “அதுவுமில்லாம, நல்ல நாள் அதுவுமா அந்தம்மா மொகத்தப் பாத்து எப்படிச் சொல்றது?”

பூஜை முடிந்து பொரி கடலை வாங்கிக்கொண்டு, மைசூர்பாக்கைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். வேலை போகப் போகிறது என்று தெரிந்தே.

விஜயதசமி கழித்து ஆபீஸ் திறந்த அன்று காலையிலேயே ரிப்போர்ட் சொல்ல உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ஹெப்பகோடி கார்ட்ரிட்ஜ்கள் நான்கு நாளில் அடைத்துக்கொள்ளும். காரணம், தேர்வில் நேர்ந்த பிழை. பயன்படுத்துகிறவர்களின் வழக்கத்தைக் கேட்டறியாமல் தேர்ந்தது நான். எச்சரிக்கையை அவர்கள் படிக்க முடியாத மொழியில் ஒட்டியதும் நான். இனி படிவத்தில் முப்பத்திரண்டாவதாக ஒரு கேள்வி சேர்க்கப்பட வேண்டும்: ஆயுத பூஜைக்கு மெஷினை என்ன செய்வீர்கள்? இதை மேனேஜரிடம் கேட்காமல் கூட்டிப் பெருக்குகிறவரிடம் கேட்க வேண்டும்.

சந்திரம்மாவின் பெயர் எங்கும் இல்லை. கழுவினார்கள் என்ற சொல்லே இல்லை. நான் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஒரு வரி போதும் சார், தண்ணீர் ஊற்றியது அவர்கள் என்று ஒரே ஒரு வரி, உங்கள் வேலை மிஞ்சும் என்றேன். கை வைத்தவரை அன்றைக்கே அனுப்பிவிடுவேன் என்று நாகேஷ் சொன்னதை எனக்கு நினைவுபடுத்தினார். அந்த அம்மாளுக்குக் கான்ட்ராக்ட் வேலை, கேட்பார் இல்லை என்றார். உங்களுக்கு மட்டும் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பிரிஜெட் இருக்கிறாள், நீயும் இருக்கிறாயே என்றார். அந்த மனிதரோடு சண்டை போடுவதே இப்படித்தான், பாதியில் நானே தோற்றுவிடுவேன். மிச்சத்தையும் அடித்துக் கொடுத்தேன்.

ரிப்போர்ட்டைப் படித்த நரேஷுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கம்ப்ளெயின்டே வரவில்லையே, அதற்குள் என் தப்பு என்று எழுதிக் கொடுத்தால் எப்படி அங்கிள் என்றான். வரும், சனிக்கிழமை வரும் என்றார் சார். சொன்னபடி சனிக்கிழமை நாகேஷின் போன் வந்தது. இந்தத் தடவை கத்தல் கொஞ்சம் கூடுதல். நரேஷ் மதியம்வரை தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு என்னிடம், சாரை மாதக் கடைசியோடு விடுவிக்கிற கடிதத்தை அடித்து வை என்றான்.

நான் அடிக்கவில்லை. ரிப்பன் தீர்ந்துவிட்டது என்றேன். திங்கட்கிழமை, கடையில் ரிப்பன் இல்லை என்றேன். செவ்வாய்க்கிழமை, வேறு மாடல் ரிப்பன் கொடுத்துவிட்டார்கள் என்றேன். ரெமிஜியஸ் சாரோ இழுப்பறையைக் காலி செய்துகொண்டு, யாருக்கும் தொந்தரவு வேண்டாம், ரிப்பன் நான் வாங்கி வரட்டுமா என்று என்னிடமே கேட்டார்.

அதே செவ்வாய்க்கிழமை நரேஷ், புதிதாகச் சேர்ந்த டேரில் என்ற பையனைப் புது ஃபில்டருக்கு அளவெடுக்க ஹெப்பகோடிக்கு அனுப்பியிருந்தான். எப்போதும் வருகிற சார் எங்கே என்று அங்கே சந்திரம்மா கேட்டிருக்கிறார். ஃபில்டர் மூன்று தடவை கெட்டுவிட்டது, அதனால் அவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று டேரில் சொல்லியிருக்கிறான். எதனால் கெட்டது என்று அவர் விடாமல் கேட்க, பார்த்தால் எங்கேயோ தண்ணீர் போன மாதிரி இருக்கிறது என்று அவன் போகிற போக்கில் சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு, இரண்டு பஸ் மாறி, சந்திரம்மா எங்கள் ஆபீஸ் படியேறி வந்தார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. நகக்கண்ணில் கரி இருந்ததால் யாரென்று புரிந்தது. முதலாளியைப் பார்க்க வேண்டும் என்றார். நரேஷ் வெளியே வந்தான். ரெமிஜியஸ் சார் சட்டென்று எழுந்து, சந்திரம்மா வேண்டாம்மா என்று தடுக்கப் பார்த்தார். அந்த அம்மாள் காதில் வாங்கவில்லை. மூன்று வருஷமும் ஃபில்டரைக் கழுவியது நான்தான், கெடுத்ததும் நான்தான் என்று நின்றபடியே சொல்லி முடித்தார். பிறகு சாரைப் பார்த்துத் திரும்பினார்.

“பக்கத்துல நின்னு பாத்தீங்களே சார், ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நானே கழுவி நானே உங்க சோத்துல கை வெச்சுட்டேனே. அடுத்த வருஷம் எதக் கழுவணும்னாவது சொல்லுங்க.”

சார் தலையைக் குனிந்துகொண்டு, பழைய செட் அங்கேதானே கிடக்கிறது, பூஜைக்கு அதைக் கழுவி வைத்துக் கும்பிடலாம் என்றார். அந்த நேரத்திலும் மனிதர் ஃபில்டர் தேர்ந்துகொடுத்தார்.

 நரேஷ் சந்திரம்மாவிடம், நீங்கள் இங்கே வந்தது உங்கள் மேனேஜருக்குத் தெரியுமா, வேலைக்கு ஆபத்து வராதா என்று கேட்டான். காலையில் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன் என்றார் சந்திரம்மா. கழுவிய மெஷினுக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தவரே அவர்தான், என்னை மட்டும் எப்படி அனுப்புவார் என்றார். 

நரேஷ் மேஜையிலிருந்த ரிப்போர்ட்டை எடுத்துப் புரட்டினான். இதில் உங்கள் பெயரே இல்லை, நீங்கள் சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே என்றான்.

“அவரு எம் பேரச் சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேன் சார்” என்றார் சந்திரம்மா. “நான் கழுவவே இல்லன்னு சாதிச்சிருப்பேன்.”

நரேஷ் என் பக்கம் திரும்பி, அந்தக் கடிதத்தை அடிக்க வேண்டாம் என்றான். நான் அழுதுகொண்டே, ரிப்பன் ஒன்றும் தீரவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.